பார்க்காமல் எழுதிய கண்

அந்தத் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் தங்கச்சிதான். பால் போடுகிறவருக்குத் தங்கச்சி, எதிர்க்கடைப் பெரியவருக்குத் தங்கச்சி, அவருடைய பேரனுக்கும் தங்கச்சி. காரணம் அவளுடைய அண்ணனின் தொண்டை. பட்டறைக்குள்ளிருந்து "தங்கச்சி" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய்கூடத் தலையைத் தூக்கும். வருடக்கணக்காக அப்படிக் கத்திக் கத்தி, அவளுக்கு வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அண்ணனும் தங்கையும் கண் செய்கிறவர்கள். விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர்களுக்கு, இருக்கிற கண்ணுக்கு ஜோடியாக இன்னொன்று. அதில் பார்வை வராது. எதிரே நிற்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான். கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அது வளைந்த மெல்லிய ஓடு. இமைக்குள் செருகினால் பாந்தமாக உட்கார்ந்துகொள்ளும். முன்னறையில் அண்ணன் அளவெடுத்து, அக்ரிலிக்கில் வார்த்து, வேகவைத்து, மெருகு போடுவார். பின்னறை ஜன்னலோரத்தில் தங்கச்சி அதற்கு நிறம் எழுதுவாள். "நான் வீடுதான் கட்டித் தரேன். உள்ள ஆளைக் குடிவைக்கிறது தங்கச்சி" என்று வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் சொல்வார். ஒரே ஆளிடம் ஒரே நாளில் இரண்டு தடவை சொன்னதும் உண்டு.

ஆளைக் குடிவைக்க ஒரு முறை இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் எதிரெதிராக இரண்டு நாற்காலி, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரத்தில். வந்தவர் பேச வேண்டும், தங்கச்சி பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளின் கண், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைத்துக்கொள்ளும். தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தால்தான் அது இளகி இயல்புக்கு வரும். அவள் கருவிழிக்கான சின்னக் கறுப்பு வில்லையில் ஒரு கோடு எழுதுவாள், நிமிர்ந்து பார்ப்பாள், அடுத்த கோடு எழுதுவாள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஈரத்தில் நிறம் எப்படித் தெரிகிறது என்று சரிபார்ப்பாள். வெள்ளை விழியில் ஓடும் நரம்புகளுக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து, இழைக்குள் இழையாக எடுத்து ஒட்டுவாள். அரை நாள் பிடிக்கும். போட்டோவை வைத்து எழுதுவதோ பழைய கண்ணைப் பார்த்து எழுதுவதோ அந்தப் பட்டறையில் கிடையாது. "என் தங்கச்சி ஆளைப் பார்க்காம ஒரு புள்ளிகூட வைக்க மாட்டா" என்பது அண்ணனின் இன்னொரு வசனம்.

அந்த வசனத்தைத்தான் அவள் பொய்யாக்கிவிட்டாள்.

எல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒரு நாள் காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலில் செருப்பை மாட்டினாள். இன்னொன்றை மாட்ட மனம் வரவில்லை. பக்கத்தில் வைத்த டீ ஆறி ஆடை கட்டியது. அதற்குப் பிறகு வந்த காலைகள் எல்லாம் ஏறக்குறைய அப்படியேதான் வந்தன. வீட்டில் யாரும் சாகவில்லை. யாரும் அவளை விட்டுப் போகவில்லை. உடம்பில் ஒன்றும் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். துக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லி அழலாம். காரணமே இல்லாத துக்கத்தை எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியே சொல்வது? ஒரு குறையும் இல்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கே அவள்மேல் கோபம் வரும். அந்தக் கோபமும் மத்தியானத்துக்குள் அலுத்துப்போகும்.

மாடியில் இருந்த அண்ணி நல்ல மனுஷிதான். ஆனால் அவர் கையில் செல்போன் இருந்தது. மனம் சோர்ந்தவர்களைத் தட்டி எழுப்புகிற வீடியோவாகத் தேடித் தேடி அனுப்பிக்கொண்டே இருந்தார். கோட்டு போட்ட ஒரு ஆள் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடி, "உன்னால் முடியும், எழுந்து நில்" என்று கத்துவார். கூட்டமே எழுந்து நிற்கும். தங்கச்சி படுத்துக்கொண்டே பார்ப்பாள்.

"பார்த்தியா?" என்று அண்ணி படியில் நின்று கேட்பார்.

"பார்த்தேன் அண்ணி. நல்லா ஓடுறாரு."

வேலையை மட்டும் அவள் விடவில்லை. எழுதுவது கைக்குப் பழகிய காரியம், அது தன்பாட்டுக்கு நடந்தது. எதிரே இருக்கிறவரின் முகத்தை அரை நாள் பார்ப்பதுதான் மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. அவர்கள் பேசுவார்கள். அவள் "அப்படியா" என்றும் "அப்புறம்" என்றும் சொல்ல வேண்டும். அந்த "அப்புறம்" அவளிடம் தீர்ந்துபோயிருந்தது. இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் உட்காரவைத்துத்தான் எழுதினாள். ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் பேக்கரி அக்கா.

கடைத்தெரு மூலையில் இருக்கும் பேக்கரியில் அவர்தான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ரொட்டி எடுத்துக் கொடுப்பார். ஐம்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் கம்பி குத்தி இடது கண் போயிற்று. அவருக்கு இதுவரை மூன்று கண் எழுதியவள் தங்கச்சி. முதல் கண்ணை எழுதும்போது, லாரி ஓட்டுகிற புருஷன் தன்னைப் பெண் கேட்டு வந்து வாசலில் தடுக்கி விழுந்த கதையைச் சொன்னார். இரண்டாவது கண்ணுக்கு மாமியார் சண்டை. மூன்றாவது கண்ணுக்கு, படிக்கப் போன மகள் போன இடத்திலேயே வேலை தேடிக்கொண்டு தங்கிவிட்ட கதை. அந்தக் கதையில் இரண்டு பேருமே அழுது, எழுதிய வில்லையில் கண்ணீர் விழுந்து, மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

அந்த மூன்றாவது கண் எழுதி வருடங்கள் ஆகிவிட்டன. கீறல் விழுந்து, பொருத்தமும் தளர்ந்துபோனதால் அக்கா நாலாவதுக்கு வந்திருந்தார். அண்ணன் அளவெடுத்துவிட்டு அந்தக் கையோடு வெளி வேலையாகக் கிளம்பிப் போனார். அக்கா பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, கைப்பையை மாட்ட ஆணியைத் தேடியபடியே உள்ளே வந்தார்.

"உட்கார வேணாம்க்கா," என்றாள் தங்கச்சி. "உங்க கண்ணு எனக்கு மனப்பாடம். பழசைக் குடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் திருப்பித் தரேன். அதைப் பார்த்து எழுதிக்கறேன்."

அக்கா ஆணியில் பாதி மாட்டிய பையோடு நின்றார். "உட்கார வேணாமா?"

"தெரிஞ்ச முகந்தானே அக்கா."

அக்கா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தங்கச்சி பழைய கண்ணை எதிரே வைத்து, கோட்டுக்குக் கோடு பார்த்து எழுதினாள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அது கேள்வி கேட்கவில்லை, கதை சொல்லவில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

"அக்காவ உட்கார வச்சியா?" என்று திரும்பி வந்த அண்ணன் முன்னறையிலிருந்து கேட்டார்.

"வச்சேன்," என்றாள்.

புதுக் கண்ணைப் பொருத்திய அன்று அண்ணன் பொருத்தத்தை மட்டும்தான் பார்த்தார். அவருக்கு நிறம் பார்க்க வராது. போடுகிற சட்டைக்கே அண்ணிதான் நிறம் சொல்ல வேண்டும். அக்கா முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"நல்லா இருக்கு தங்கச்சி. கையில வித்தையை வச்சிருக்கே," என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சி அப்போதும் தலை நிமிரவில்லை, தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. கோட்டுக்காரரால் ஆகாத காரியத்தைத் தானே முடிப்பது என்று கீழே இறங்கி வந்தார். "எழுந்து நில்லுன்னா நிக்க மாட்டே. போய் ரொட்டி வாங்கிட்டு வா. இல்லேன்னா ராத்திரிக்கு எல்லாரும் பட்டினி." தங்கச்சி இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டு போனாள்.

பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு புதுப் பெண் நின்றாள். எந்த ரொட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தட்டுத் தட்டாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா எங்கே? லீவா?"

"உள்ள இருக்காங்க. பெட்டி மடிக்கிற எடத்துல."

உள்ளே, மாவு மூட்டைகளுக்கு நடுவே, சுவரைப் பார்த்துப் போட்ட முக்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். கேக் வைக்கிற அட்டைப் பெட்டிகளை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும், போடவில்லை. போதாததற்கு அவர் முகத்தில் கறுப்புக் கண்ணாடி.

"வா தங்கச்சி," என்றார். குரலில் ஒன்றும் வருத்தம் இல்லை. "முன்னாடி நின்னு நின்னு கால் வலி. நானேதான் மொதலாளிகிட்டக் கேட்டு இங்க வந்துட்டேன்."

"கண்ணு உறுத்துதா அக்கா? கண்ணாடி போட்டிருக்கீங்க?"

"சேச்சே. கண்ணு அருமையா இருக்கு. உன் கையைக் குறை சொல்ல முடியுமா?" அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு கண்ணுல இல்ல, மூஞ்சியில."

கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் தங்கச்சி அந்த முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டியதை இன்றைக்குப் பார்த்தாள். வலது கண் வயதாகியிருந்தது. கருவிழியின் பழுப்பு வெளிறி, அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழுந்திருந்தது. வெள்ளை விழி வெள்ளையாகவே இல்லை, மங்கிய மஞ்சள். இடது கண் பளபளவென்று, மகள் வெளியூரிலேயே தங்கிவிட்ட வருடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரே முகத்தில் இரண்டு வயது.

"ரொட்டி வாங்க வந்த ஒரு பெரிய மனுஷன் சொன்னாரு," என்றார் அக்கா. "ஒரு பக்கத்துக்கு இன்னும் கல்யாண வயசு போலன்னாரு. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில பார்த்தேன். உள்ளதுதானே? நீ எப்பவும் எப்படி எழுதுவியோ அப்படியே எழுதியிருக்கே. கண்ணு அதே கண்ணு. நான்தான் உளுத்துப் போயிருக்கேன். இத்தனை நாள் எனக்குத் தெரியல."

"அக்கா..."

"அவரு லாரியில இருந்து எறங்கி வந்தாருன்னா, வீட்டுலயும் இதைக் கழட்டறதில்ல. தூசு, அலர்ஜின்னு சொல்லி வச்சிருக்கேன்." அக்கா சிரித்துக்கொண்டே கண்ணாடியை மறுபடி மாட்டினார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் உங்களைப் பார்க்கவே இல்லை அக்கா, பழையதைப் பார்த்துக் கிறுக்கிக் கொடுத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள், "கொடுங்க அக்கா, கொஞ்சம் நிறம் மட்டும் மட்டுப்படுத்தித் தரேன்," என்று, என்னவோ பெரிய மனதோடு உதவி செய்கிறவள் மாதிரி சொன்னாள்.

"வேணாம். நல்ல பொருளைக் கெடுப்பாங்களா? எனக்குத் தகுந்த மாதிரி அதையும் கெழவி ஆக்கணுமா?"

தங்கச்சி ரொட்டி வாங்க மறந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி இருந்தது. மாதக்கணக்காக மரத்துக் கிடந்த மனம் அது. முதன்முதலாக உணர்ச்சி என்று ஒன்று வரும்போது நல்லதாக ஒன்று வந்திருக்கக் கூடாதா? வந்தது குற்ற உணர்ச்சி. நேராக அண்ணனிடம் போய் நின்றாள். அவர் மெருகுச் சக்கரத்தில் ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பேக்கரி அக்காவ நான் உட்கார வைக்கல. பழசைப் பார்த்து எழுதினேன்."

அண்ணன் சக்கரத்தை நிறுத்தினார். "இன்னும் எத்தனை பேருக்கு அப்படி?"

"இவங்களுக்கு மட்டும்தான்."

"இவங்களுக்கு ஏன்?"

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கேவலமாக இருந்தது. "தெரிஞ்சவங்க. நம்ம மேல பிரியமானவங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு."

வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் அந்த மனிதர் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்பத் தாழ்ந்த குரலில், "நானும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன் பாரு," என்றார். பிறகு, "நீயே போய் அவங்ககிட்டச் சொல்லு. நான் கூட வர மாட்டேன்," என்று சக்கரத்தை ஓடவிட்டார்.

மறுநாள் காலையில் போனாள். அக்கா அதே முக்காலியில், அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தங்கச்சி உட்காராமல், கதவோரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பூசி மெழுகாமல் சொன்னாள். உங்கள் முகத்தில் ஒரு தப்பும் இல்லை, வலது கண்ணுக்கு ஆகிற வயது எல்லோருக்கும் ஆவதுதான், அதைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை, நான் பார்க்கவில்லை என்றாள்.

அக்காவின் கை பெட்டி மடிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு மூன்று பெட்டி போயிற்று.

"ஏன் பார்க்கல?"

"முடியலக்கா. யார் மூஞ்சியையும் பார்க்க முடியல."

"மத்தவங்களைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்ப என்னை மட்டும்தான்." அக்கா மடித்துக்கொண்டிருந்த பெட்டி ஓரத்தில் கிழிந்தது. அதை ஒரு பக்கமாக எறிந்தார். "உன் முன்னாடி உட்கார்ந்து என் பொண்ணை நினைச்சு அழுதிருக்கேன். கட்டின புருஷன்கிட்டச் சொல்லாததையெல்லாம் சொல்லியிருக்கேன். நாலாவது தடவைக்கு என்ன சொல்லலாம்னு வழியெல்லாம் யோசிச்சு வச்சுட்டு வந்தேன், தெரியுமா? இத்தனை நாளா இந்த மூஞ்சியை ஒளிச்சு வச்சுட்டுத் திரிஞ்சேனே, அந்த நாளெல்லாம் யாரு தருவா?"

தங்கச்சி குனிந்து அந்தக் கிழிந்த பெட்டியை எடுத்தாள்.

"போ," என்றார் அக்கா. "வேலை இருக்கு."

அவள் வந்துவிட்டாள். அடுத்து வந்த நாட்களில் பட்டறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா வரவில்லை. கண்ணைக் கொடுங்கள், மாற்றித் தருகிறேன் என்று போய்க் கெஞ்சலாம். ஆனால் எதிரே உட்காராத ஆளுக்கு எப்படி எழுதுவது? வராவிட்டால் அக்கா மிச்சக் காலம் முழுக்க அந்த இருட்டு மூலையில் சுவரைப் பார்த்துப் பெட்டி மடிப்பார், அவ்வளவுதான். அதை நினைத்தால் காலையில் படுக்கையில் கிடக்க முடியவில்லை. எழுந்துகொண்டாள். கோட்டுக்காரர் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார், அவள் சந்தோஷப்படவில்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்னறைக் கதவு தடாலென்று திறந்தது. அக்கா கண்ணாடி போடாமல் வந்திருந்தார். தெருவில் அப்படியே நடந்து வந்திருக்கிறார். கைப்பையை ஆணியில் மாட்டவில்லை, மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாரு," என்றார். "நல்லாப் பாரு."

தங்கச்சி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முழங்கால் இடித்தது, அக்கா காலை நகர்த்தவில்லை. புது வில்லையை எடுத்தாள். பழுப்பைக் குழைத்தாள். பார்த்தாள். அக்காவின் வலது கண் அவளையே வெறித்துக்கொண்டிருந்தது. கோபத்தில் கண்பாவை சுருங்கி, இமை இறுகி, யாருடைய கண்ணோ என்று இருந்தது. இப்படியே எழுதினால் அக்கா ஆயுசு முழுக்க எல்லோரையும் முறைத்துக்கொண்டுதான் ரொட்டி விற்க வேண்டும்.

"ஏதாச்சும் பேசுங்கக்கா."

"மாட்டேன். நான் பேசினதெல்லாம் போதும்."

சரி, யாராவது ஒருவர் பேசித்தான் ஆக வேண்டும். அந்த நாற்காலியில் இருந்து தங்கச்சி ஒரு நாளும் தன்னைப் பற்றிப் பேசியது கிடையாது. கேட்பதுதான் அவள் பங்கு. தூரிகையைப் பிடித்துக்கொண்டு, வில்லையைப் பார்த்தபடியே, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் செருப்பிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு கால் செருப்போடு உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். காரணம் கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை என்பதைச் சொன்னாள். காரணமில்லாமல் இப்படி இருப்பதற்கு வெட்கமாக இருக்கிறது என்பதை, அண்ணனிடமும் சொல்லாததை, சொன்னாள். எதிரே இருப்பவர்கள் வாய் அசைவது தெரியும், சொல்வது காதில் விழும், ஆனால் உள்ளே எதுவும் போய்ச் சேராது என்றாள். சொல்லச் சொல்லத் தனக்கே எல்லாம் அற்பமாகத் தெரிந்தது. இருந்தாலும் நிறுத்தவில்லை. அண்ணி அனுப்பும் கோட்டுக்காரர் வரைக்கும் வந்துவிட்டாள்.

"ஓடுறாருக்கா. இந்தப் பக்கம் ஓடுறாரு, அந்தப் பக்கம் ஓடுறாரு. வேர்த்துக் கொட்டுது. 'உனக்குள்ள ஒரு சிங்கம் தூங்குது, எழுப்பு'ங்கறாரு. நானே தூக்கம் வராம பொரண்டுட்டுக் கெடக்கேன், அது பாட்டுக்குத் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

அக்காவுக்குச் சிரிக்கக் கூடாது என்ற பிடிவாதம். உதட்டை இறுக்கிக்கொண்டார். ஆனால் சிரிப்பு உதட்டுக்கு வரவில்லையே தவிர, கண்ணுக்கு ஏறிவிட்டது. இமை தளர்ந்தது, கண்பாவை விரிந்தது, ஓரத்தில் சுருக்கங்கள் வந்து உட்கார்ந்தன. வெளிறிய பழுப்புக்குள் துரு நிறத்தில் ஒரு கீற்று இருந்தது. முன்பு எழுதிய மூன்று கண்ணிலும் அவள் அதை எழுதவில்லை. அப்போது அது இல்லையா, இருந்தும் விட்டுவிட்டாளா என்று அவளுக்கு நினைவில்லை. மனப்பாடம் என்று சொன்னவள் அவள்.

எழுதினாள். சாம்பல் வளையத்தை ஒரே நிறத்தில் எழுதக் கூடாது; மேலே அடர்த்தி, கீழே கரைந்து நிற்கும். அதை எழுதினாள். வெள்ளைக்கு மஞ்சள் கலந்தாள், மூக்குப் பக்கம் ஒரு பொட்டு அதிகமாக. பட்டு நூல் பிரித்தாள். இடையில் அழுகை வந்தது. வில்லையில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுவிட்டு வந்து தொடர்ந்தாள். அக்கா ஆறுதல் சொல்லவில்லை. ஆனால் ஓரிடத்தில், அவள் பேச்சு நின்றபோது, "அப்புறம்?" என்றார்.

அண்ணன் அதை வார்த்து, வேகவைத்து, ஆறவைத்து, மெருகு போட்டுக் கொண்டுவர மறுநாள் ஆயிற்று. அக்கா வந்து, தானே கையில் வாங்கி, குனிந்து இமைக்குள் செருகிக்கொண்டார். தங்கச்சி கண்ணாடியை நீட்டினாள். இந்தத் தடவை அவள் தூரிகை கழுவப் போகவில்லை. அண்ணன் கதவருகே வாயைத் திறக்காமல் நின்றார். அவர் வாழ்நாளிலேயே அது புதுசு.

அக்கா வலம் இடமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். தங்கச்சி அவர் பின்னாலேயே போய் நின்றாள்.

"ரெண்டும் ஒண்ணாக் கெழவி ஆயிடுச்சு," என்றார் அக்கா. பிறகு, கண்ணாடியைக் கீழே வைக்காமலே, "நாளைக்கு முன்னாடி போய் நிக்கறேன். அந்தப் பொண்ணு ரொட்டிக்கும் பன்னுக்கும் வித்தியாசம் தெரியாம நிக்குது," என்றார்.

அண்ணன் பெரிதாக மூச்சு விட்டுவிட்டு முன்னறைக்குப் போனார்.

அக்கா கிளம்பவில்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீ உட்கார வேணாம்னு சொன்னே இல்ல? உன் மூஞ்சி சரியில்லன்னு எனக்கு வாசல்லயே தெரிஞ்சுது. என்னாச்சு தங்கச்சின்னு கேக்க வாயைத் திறந்தேன். கேட்டா அரை நாள் போயிடுமேன்னு கேக்காம போயிட்டேன். கடையில கேக் ஆர்டர் கெடந்துச்சு." அவர் வாரைத் திருகுவதை நிறுத்தினார். "நீ என்னைப் பார்க்கல. நான் பார்த்துட்டும் போயிட்டேன்."

இதைக் கேட்டதும் தன் பாரம் பாதி இறங்கும் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு அந்த மாதிரிப் பாரம் இருந்ததில்லை என்று அர்த்தம். தங்கச்சிக்கு ஒன்றும் இறங்கவில்லை. இருட்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த முதுகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"இன்னும் மன்னிக்கல," என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். "யோசிச்சுப் பார்த்தேன், மனசு வரவே மாட்டேங்குது. அடுத்த வாரம் வரேன். கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா வந்து உட்காருவேன். அப்பவும் வரலேன்னா அதுக்கு அடுத்த வாரமும் வருவேன். மன்னிக்கிற வரைக்கும் வந்துட்டுத்தான் இருப்பேன், பார்த்துக்கோ."

தங்கச்சி எழுந்து அக்காவுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா மன்னிங்கக்கா," என்றாள். "அவசரமில்ல."